கிறிஸ்மஸ் முடியட்டும்

ஆயர் ராஜமாணிக்கம் தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கூலி வேலை செய்தவரின் மகன். ஆறாம் வகுப்பிலிருந்து மிஷன் ஹாஸ்டலில் படித்தார். அங்கேதான் முதன்முதலாக மூன்று வேளையும் சாப்பிட்டேன், அந்தச் சோற்றுக்கு நன்றி சொல்லத்தான் ஊழியத்துக்கு வந்தேன் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லுவார். அதில் பொய் எதுவும் இல்லை. முப்பத்தோரு வருடத்தில் ஏழு சபைகள் பார்த்துவிட்டார். ஏழாவது, வேங்கிக்கால்.

அங்கே நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். கலெக்டர் ஆபீசில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள், செங்கம் ரோட்டு விடுதிகளில் சமைக்கிறவர்கள், அடி அண்ணாமலையில் பூச்செடி வைத்திருக்கும் நாலைந்து வீட்டார். ஆயருக்குச் சம்பளம் ஒன்றுதான் என்றாலும் வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆள் அவர் மனைவி வேதமணி. பாட்டுக்குழு, பெண்கள் ஐக்கியம், ஞாயிறு பள்ளி, வெளியூரிலிருந்து வருகிற பிரசங்கிமாருக்குச் சாப்பாடு, எல்லாம் அவள் தலையில். ஒவ்வொரு மாற்றலின்போதும் அவள் ஒரு பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். வேங்கிக்காலுக்கு வந்த பிறகு வேலை தேடவே இல்லை. "அஞ்சு வருஷத்துல மறுபடியும் மூட்டை கட்டணும். எதுக்கு?" என்றாள்.

போன வருடம் டிசம்பரில் சபைக்கு ஐம்பது வயது நிறைந்தது. கிறிஸ்மஸ் ஆராதனையோடு பொன்விழாவையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. பேராயர் வருவதாக ஒப்புக்கொண்டார். ராஜமாணிக்கம் இந்த அளவுக்கு ஒரு விழாவை அதுவரை நடத்தியதில்லை. ஓய்வு பெறுவதற்கு இன்னும் மூன்று வருடமே இருந்ததால், இதுதான் தன் பெயர் சொல்லப்போகிற காரியம் என்று அவருக்கு உள்ளூர ஒரு நினைப்பு இருந்தது.

கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் மேஜையில் உட்கார்ந்து ஆராதனை முறைமையை எழுதிக்கொண்டிருந்தார். வேதமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க, ஒரு விஷயம்."

"சொல்லு."

"நிமிந்து பாருங்களேன்."

அவர் பேனாவை மூடாமலே நிமிர்ந்தார்.

"எடது பக்கம் மார்ல கட்டி மாதிரி இருக்குது. குளிக்கும்போது கையில தட்டுப்படுது. ஒரு மாசமாவே இருக்குதுன்னு நெனைக்கிறேன்."

"வலிக்குதா?"

"வலி ஒண்ணும் இல்ல."

"வலி இல்லன்னா ஒண்ணும் இருக்காது வேதா."

"ஹைமாகிட்ட சொன்னேன். அவங்க அண்ணி பாத்த லேடி டாக்டர் வேலூர்ல இருக்காங்களாம். நம்பர் குடுத்திருக்காங்க." ஹைமவதி பக்கத்து வீட்டுக்காரி. பெரிய கோயில் குருக்கள் வீட்டு மருமகள், கலெக்டர் ஆபீசில் வேலை.

ராஜமாணிக்கம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "தீபத்துக்கு ரோடெல்லாம் அடைச்சிட்டான். பஸ்ஸு ஊருக்கு வெளியவே நிக்குது. இப்ப எங்க போறது? தீபம் முடிஞ்சதும் நமக்குக் கேரல் ஆரம்பிச்சிடும். நீ இல்லாம புள்ளைங்களுக்கு யாரு பாட்டு சொல்லித் தருவா? பிஷப் வேற வராரு. கிறிஸ்மஸ் முடியட்டும். ரெண்டாந்தேதி மொத வேலையா போயிடலாம்."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டாள். "சரிங்க" என்றாள். அவர் எழுந்து அவள் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். நல்ல ஜெபம். சொல்லி முடித்தபோது அவருக்கே மனசு லேசானது. உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினார்.

பொன்விழா நன்றாக நடந்தது. வேதமணி நாற்பது பேரை நான்கு குரலில் பாட வைத்தாள். பேராயர் பாட்டு முடிந்ததும் தலையைத் திருப்பி, "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். அவளைக் கைகாட்டும்போது ராஜமாணிக்கத்துக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டாம் தேதி சபையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபம். அதற்குள் பொங்கல் லீவு. அப்புறம் மாவட்ட ஆயர்கள் கூட்டம். பிப்ரவரியில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், "அது கொஞ்சம் பெருசான மாதிரி இருக்குதுங்க" என்றாள். அது எது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. "அடுத்த வாரம் கண்டிப்பா" என்றார். அடுத்த வாரம் சபைத் தேர்தல் தகராறு. பிறகு ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம். அவள் மூன்றாம் முறை சொல்லவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஒன்பதாம் நாள் அவளே கிளம்பி நின்றாள். கையைத் தூக்க முடியவில்லை என்றாள். வேலூருக்குப் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பரிசோதித்துவிட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தவளின் முகத்தில் கோபம் தெரிந்தது. "எத்தன நாளா இருக்கும்மா இது?"

ராஜமாணிக்கம் வாயைத் திறந்தார். அதற்குள் வேதமணி சொன்னாள்: "ஒரு மாசமா இருக்கும் டாக்டர். பயந்துகிட்டு யாருகிட்டயும் சொல்லல. இவருக்கே நேத்துதான் தெரியும்."

டாக்டர் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. பாவம், இந்த மனுஷனுக்குத் தெரியாதே என்ற இரக்கம். அவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, எனக்கு டிசம்பரிலேயே தெரியும் என்று சொல்ல ஒரு நிமிடம்தான் தேவைப்பட்டது. அவர் சொல்லவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆரணி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவர் கேட்க நினைத்தார். கேட்டால் அவள் என்ன சொல்லுவாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்த ஐந்து மாதத்தில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நோய் எலும்புக்குப் போயிருந்தது. அவர்களுக்கு ஒரே மகள், எப்சிபா. பெங்களூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது இருபத்தேழு. ரிப்போர்ட்டைப் போனில் பார்த்த அன்றைக்கே வந்தாள். வந்ததிலிருந்து அம்மாவைத் திட்டினாள். மாத்திரை கொடுக்கும்போது திட்டினாள், தலை துவட்டும்போது திட்டினாள்.

"நர்ஸைப் பெத்து வெச்சிருக்கியேம்மா, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு போன். எனக்கு உன்னால அசிங்கமா இருக்குது. ஊர்ல இருக்கற பொம்பளைங்களுக்கெல்லாம் நான் சொல்லிக் குடுக்கறேன், மாசாமாசம் தடவிப் பாருங்கன்னு. எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்திருக்கா."

"தப்புதாண்டி" என்பாள் வேதமணி. "பயமா இருந்துச்சு. வுடு."

"அப்பாகிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

வேதமணி கண்ணை மூடிக்கொள்வாள். ராஜமாணிக்கம் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது ஒருநாள் இருநாள் அல்ல, எப்சிபா லீவு போட்டு வந்த ஒவ்வொரு முறையும் நடந்தது.

செப்டம்பரில் வேதமணி இறந்தாள். அடக்க ஆராதனையில் பேராயர் பிரசங்கம் செய்தார். சபையின் விழா கெட்டுவிடக்கூடாது என்று தன் நோயைத் தன் கணவருக்கே மறைத்த உத்தமி என்றார். அவருக்கு யாரோ அப்படிச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து விசும்பல் எழுந்தது. முன்வரிசையில் எப்சிபா குனிந்து உட்கார்ந்திருந்தாள். ராஜமாணிக்கம் அங்கியோடு பீடத்தின் பக்கத்தில் நின்றார். அழுகை வந்தது. எல்லோரும் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

அவருடைய நம்பிக்கை அன்றைக்குப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. கடவுள் இருக்கிறார் என்பதில் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வேறொன்று வந்தது. முப்பத்தோரு வருடமாக எத்தனையோ குழிமேடுகளில் நின்று, அழுகிறவர்களிடம், திரும்ப அவர்களைக் காண்போம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜனங்கள் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இப்போது அந்த வார்த்தையை அவரால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. திரும்ப வேதாவைக் கண்டால் என்ன செய்வது? எந்த முகத்தோடு எதிரே போய் நிற்பது? உலகத்தில் உள்ள எல்லோருக்கும் ஆறுதலாக இருக்கிற விஷயம் அவருக்குப் பயமாக மாறிவிட்டது. இதை எந்த ஆயரிடம் போய்ச் சொல்லி ஆலோசனை கேட்பது என்று தெரியவில்லை.

இந்த வருடமும் தீபம் வந்தது, போனது. மலை உச்சியில் இன்னும் தீபம் எரிந்துகொண்டிருந்த நாட்களிலேயே பாட்டுக்குழு வீடு வீடாகக் கிளம்பியது. ஆயர் கூடவே போனார். பாட்டு முடிந்ததும் இரண்டு நிமிட ஜெபம் சொன்னார். கொடுத்த டீயைக் குடித்தார். ஆயர் வீட்டில் முதல் வருடத் துக்கம் என்பதால் குருமனையில் ஸ்டார் கட்டவில்லை. சபைச் செயலாளர் கலையரசன் மட்டும் கேட்டுப் பார்த்தார். கலெக்டர் ஆபீசில் சீனியர் கிளார்க். எதையும் ஒழுங்காகச் செய்கிறவர், கெட்ட மனம் இல்லாதவர்.

"ஒரு சின்ன ஸ்டாராவது கட்டிடலாங்கய்யா. அம்மா இருந்தா ஒத்துக்குவாங்களா?"

"வேணாம் கலை" என்றார் ராஜமாணிக்கம். அம்மா இருந்தால் என்று யார் ஆரம்பித்தாலும் அவர் அடுத்த அறைக்குப் போய்விடுகிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

எப்சிபா இருபத்து மூன்றாம் தேதி வந்தாள். ஐந்து நாள் லீவு. வீட்டைக் கூட்டி, அம்மாவின் அலமாரியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டு, அப்பாவின் பிரஷர் மாத்திரையை எண்ணிப் பார்த்தாள். பாதி அப்படியே இருந்தது. "நீங்களும் அம்மா மாதிரி ஆரம்பிக்காதீங்கப்பா" என்றாள்.

அந்த இரண்டு நாளும் அவள் அவரிடம் மிகவும் அன்பாக இருந்தாள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இருபத்து நான்காம் தேதி சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது, "அம்மாவை நான் ஜாஸ்தி பேசிட்டேம்பா" என்றாள். "சாகப்போறவளைப் போயி அப்படித் திட்டியிருக்கேன். ஆனா கோவம் இன்னும் போவல. நம்மள ஒரு மனுஷங்களா நெனச்சிருந்தா சொல்லியிருப்பா இல்ல?"

இப்போது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. மகள் பக்கத்தில் இருந்தாள், வேறு யாரும் இல்லை. ஆனால் மறுநாள் விடிகாலை ஆராதனை. அழுது வீங்கிய கண்ணோடு மகள் கோயிலில் உட்கார்ந்திருந்தால் சபையார் கேட்பார்கள். நாளைக்கு முடியட்டும் என்று நினைத்தார். நினைத்த அந்த நொடியே, தான் எதை நினைத்தோம் என்பது அவருக்குப் புரிந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படியும் வாய் திறக்கவில்லை.

கிறிஸ்மஸ் அன்று ஐந்து மணிக்கு ஆராதனை. பிரசங்கம் தயார் செய்ய அவரால் முடியவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் செய்ததை நோட்டிலிருந்து எடுத்து வாசித்தார். பயப்படாதிருங்கள் என்று தூதன் மேய்ப்பர்களிடம் சொன்னதைப் பற்றியது. நன்றாகவே இருந்தது. பாட்டுக்குழு இந்த வருடம் ஒரே குரலில் பாடியது. வாசலில் கைகுலுக்கும்போது பெண்கள் ஐக்கியத் தலைவி ஜோதியம்மாள், "அம்மா இல்லாத கிறிஸ்மஸ், எப்படிங்கய்யா தாங்கறீங்க" என்று அழுதார். அவருக்குப் பின்னால் நின்றவர்களும் அழுதார்கள். ராஜமாணிக்கம் எல்லோருக்கும் ஆறுதல் சொன்னார்.

மத்தியானம் யாரோ கொடுத்தனுப்பிய பிரியாணியை அப்பாவும் மகளும் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட பிறகு எப்சிபா ஒரு தட்டில் கடையில் வாங்கிய அதிரசமும் ஆரஞ்சும் வைத்துக்கொண்டு ஹைமவதி வீட்டுக்குப் போனாள். வேதமணி இருந்தபோது அவர்களுக்கென்று முட்டை சேர்க்காமல் ஒரு கேக் தனியாகச் செய்து கொடுப்பாள். இந்த வருடம் அது இல்லை.

போனவள் முக்கால் மணி நேரம் வரவில்லை. ராஜமாணிக்கம் நாற்காலியில் கண் அசந்துவிட்டார். கதவுச் சத்தத்தில் விழித்தபோது அவள் காலித் தட்டோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா உங்ககிட்ட எப்ப சொன்னாங்க?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஹைமா ஆன்ட்டி அழுதாங்க. போன டிசம்பர்லயே டாக்டர் நம்பர் குடுத்தேன், உடனே போயிருந்தா ஒருவேளை பொழச்சிருப்பாங்கன்னு. அம்மா அவங்ககிட்ட சொன்னாங்களாம், ‘ஐயாகிட்ட சொல்லிட்டேன் ஹைமா, கிறிஸ்மஸ் முடியட்டும்னு சொன்னாரு’ன்னு. எனக்கு இதெல்லாம் தெரியும்னு நெனச்சிட்டுப் பேசறாங்க அவங்க." அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள். "சொன்னீங்களாப்பா அப்படி?"

"சொன்னேன்."

"டாக்டர்கிட்ட அம்மா பொய்தான சொன்னாங்க? உங்களுக்காகத்தான?"

"ஆமா."

"நீங்க பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"ஆமாம்மா."

எப்சிபா கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் அவர் நினைத்தார். அவள் எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வார்டில் ஒரு நோயாளியிடம் விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள். தேதி கேட்டாள். எவ்வளவு பெரிது என்று சொன்னாளா என்று கேட்டாள். இன்னொரு தரம் சொன்னாளா என்று கேட்டாள். பிப்ரவரியைப் பற்றியும் அவர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல, எல்லாம் எவ்வளவு சின்னச் சின்னக் காரணங்கள் என்று அவர் காதுக்கே கேட்டது. ரோடு அடைத்திருந்தது. கூட்டம் இருந்தது. தேர்தல் இருந்தது.

"அஞ்சு மாசம் நான் அம்மாவைத் திட்டினேன்" என்றாள் கடைசியில். "அசிங்கமா இருக்குதுன்னு சொன்னேன். நீங்க கேட்டுட்டே இருந்தீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘அவளைத் திட்டாத எப்சி’ன்னு சொல்லியிருந்தா போதும்பா. காரணம் கூட சொல்ல வேணாம். அது கூட உங்க வாயில வரல."

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா."

"எதுக்கு?"

"நீ என்னை வெறுத்துடுவேன்னு."

அவள் தலையை ஆட்டினாள். "அம்மா அப்படியே ஏத்துக்கிட்டு செத்தாங்க. நான் இப்ப யாருகிட்ட போயி மன்னிப்பு கேக்கறது?"

அவர் பழக்கத்தில், "ஜெபம் பண்ணலாம்மா" என்றார். வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதன் கேவலம் அவருக்கு உறைத்தது. எப்சிபா எழுந்து உள்ளே போய்ப் பையில் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் லீவு மீதி இருந்தது. ஆட்டோ வந்தபோது அவர் கேட் வரைக்கும் போனார். "மாத்திரை மேல் தட்டுல இருக்குது" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்த கார்கள் ரோடு நிறைய நின்றதால் ஆட்டோ முனையிலேயே ஐந்து நிமிடம் மாட்டிக்கொண்டது. அவர் அதுவரைக்கும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் ஒரு முடிவோடு இருந்தார். சபையில் சொல்லிவிடுவது. சபையார் என்ன செய்தாலும் சரி. கமிட்டி கூடி வெளியே போகச் சொல்லலாம், பேராயருக்கு எழுதலாம், முகத்துக்கு நேரே கேட்கலாம். அப்படி யாராவது கேட்க வேண்டும் என்று அவருக்கு ஏக்கமாகவே இருந்தது. எப்சிபா போன பிறகு அவரைக் கேட்க ஆள் இல்லை.

புத்தாண்டு அன்று காலை ஆராதனைக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. பிரசங்கம் செய்ய வேண்டிய இடத்தில் அவர் நோட்டைத் திறக்கவில்லை. பேராயர் அடக்கத்தில் சொன்னது உண்மை இல்லை என்று ஆரம்பித்தார். வேதமணி எதையும் மறைக்கவில்லை, என்னிடம் சொன்னாள், இரண்டு முறை சொன்னாள், விழாவை நினைத்து நான்தான் தள்ளிப்போட்டேன், என்னைக் காப்பாற்ற அவள் டாக்டரிடம் பொய் சொன்னாள், அந்தப் பொய்க்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன், என் மகள் அவளைத் திட்டியபோதும் ஒளிந்துகொண்டேன் என்றார். வார்த்தைகளைத் தெளிவாகத்தான் சொன்னார். குரல் கூட உடையவில்லை.

கோயிலில் அழுகைச் சத்தம் எழுந்தது. ஆண்களும் அழுதார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறவள். ஆயர் அவள் போவதைப் பார்த்தார். தான் சொன்னதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான் என்று அவருக்குப் பிறகு தோன்றியது. அதற்கப்புறம் அவள் கோயிலுக்கு வரவில்லை.

மற்றவர்கள் வாசலில் வரிசையாக நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எவ்ளோ பெரிய தியாகம் பண்ணியிருக்காங்கய்யா அம்மா" என்றார் ஜோதியம்மாள். "புருஷனையும் வுட்டுக் குடுக்கல, சபையையும் வுட்டுக் குடுக்கல."

"தியாகம் இல்லம்மா. நான் கூட்டிட்டுப் போகல."

"உங்க மனசு அப்படிச் சொல்லுதுய்யா. அதான் தாழ்மை."

கலையரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "இத்தன வருஷத்துல இப்படி ஒரு சாட்சி நான் கேட்டதில்லங்கய்யா. நெஞ்சு உருகிப்போச்சு."

"கலை, நான் சாட்சி சொல்லல. குத்தத்தை ஒத்துக்கிட்டேன். கமிட்டியில இதைப் பேசணும்."

"புரியுதுங்கய்யா" என்றார் கலையரசன். புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நாங்களும் அதைத்தான் பேசிட்டிருந்தோம். ஞாயிறு பள்ளிக்கு ஒரு ரூம் கட்டறோம் இல்ல, அதுக்கு அம்மா பேரையே வெச்சிடலாம்னு. கல்வெட்டுல ரெண்டு வரி. சபைக்காகத் தன் வலியைத் தாங்கியவர்னு."

ராஜமாணிக்கம் அங்கியைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார். எப்சிபாவுக்கு, சபையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று செய்தி அனுப்பினார். படித்துவிட்டாள் என்பதற்கு நீலக் கோடுகள் வந்தன. மூன்று நாள் கழித்து "சரிப்பா" என்று ஒரு வார்த்தை வந்தது.

அவர் பேராயருக்கு இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினார். நடந்ததை எழுதி, தன்னை ஊழியத்திலிருந்து விடுவிக்கும்படி கேட்டார். பேராயர் கடிதம் எழுதாமல் போனில் கூப்பிட்டார். மனுஷர் உண்மையான பரிவோடுதான் பேசினார்.

"துக்கத்துல முடிவெடுக்காதீங்க ராஜமாணிக்கம். எல்லா புருஷன்மாரும் இப்படித்தான் நெனைப்பாங்க, இன்னும் கொஞ்சம் முன்னாடியே போயிருக்கலாமேன்னு. மே மாச மாற்றலப்போ உங்களுக்கு அமைதியான எடமா பாக்கறேன். அதுவரைக்கும் ஓட்டுங்க."

"ஐயா, நான் எழுதினத முழுசா படிச்சீங்களா?"

"படிச்சேன், படிச்சேன். உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

பொங்கலுக்கு முந்தின வாரம் ஜோதியம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து வேதமணியின் புடவைகளைப் பிரித்து, நல்லதை ஏழைகளுக்கென்று எடுத்துக்கொண்டு போனார்கள். எதையாவது வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்றார்கள். அவர் வேண்டாம் என்றார். ஹைமவதி சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள்.

"என்னாலதான சார் எப்சி கோச்சுக்கிட்டுப் போச்சு? எனக்குத் தெரியாம வாய் வுட்டுட்டேன்."

"நீங்க ஒருத்தங்கதாம்மா சரியா செஞ்சீங்க" என்றார் அவர். "டிசம்பர்லயும் சரி, இப்பவும் சரி." அவள் பாத்திரத்தைத் திண்டில் வைத்துவிட்டுப் போனாள்.

எப்சிபா இப்போது மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். மாத்திரை போட்டீர்களா, கரண்ட் பில் கட்டினீர்களா என்று கேட்கிறாள். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பேச்சு போவதில்லை. அம்மா என்ற சொல் இருவர் வாயிலும் வருவதில்லை. ஈஸ்டருக்கு வருவாயா என்று ஒருமுறை கேட்டார். டியூட்டி போட்டுவிட்டார்கள் என்றாள். ஈஸ்டருக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

பொங்கல் லீவு முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிக்கூட்டம்தான். விசுவாசப் பிரமாணத்தைச் சொல்ல எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஆயர்தான் முன்னால் நின்று உரத்த குரலில் நடத்த வேண்டும். பிதாவைப் பற்றிய பகுதியைச் சொன்னார். குமாரனைப் பற்றியதையும் சொன்னார். முடிவில் மரித்தோர் எழுந்திருப்பதைப் பற்றிய வரிக்கு வந்ததும் அவருக்குக் குரல் எழும்பவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். சபையார் நிற்கவில்லை. எத்தனையோ வருடப் பழக்கம். ஒரே ஓட்டத்தில் அந்த வரியையும் அடுத்ததையும் சொல்லி, ஆமென் என்று முடித்து, புத்தகங்களைப் புரட்ட ஆரம்பித்தார்கள். அவர் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.